அம்பர்நாத் லோக்கலில் போன ஃபைல்கள்

அம்பர்நாத்திலிருந்து மும்பை சிஎஸ்எம்டி வரை ரயில் பாதை சுமார் 60 கிலோமீட்டர். ஃபாஸ்ட் லோக்கல் கிடைத்தால் ஒன்றரை மணி நேரப் பயணம். 64 ஜிபி பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் அந்த வண்டியில் ஏறினால், நொடிக்கு 95 மெகாபிட் வேகத்தில் தகவல் நகர்கிறது என்று கணக்கு வருகிறது. இன்று வீட்டுக்கு வீடு இழுத்திருக்கும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பின் வேகமும் ஏறக்குறைய அதுதான். இந்த ஊரில் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் வெகுகாலம் வரை ஃபைல்களைச் சுமந்தது மத்திய ரயில்வேதான். டெலிபோன் கம்பி அதற்குப் பல வருடம் பின்னால் ஓடிவந்தது.

தொண்ணூறுகளில் ஃபைல் அனுப்புவதென்றால் ஆள் போக வேண்டும். எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ஒரு சின்னப் பட்டறையில் வரைந்த ஆட்டோகேட் டிராயிங், தாணேயிலோ விக்ரோளியிலோ உள்ள கம்பெனிக்குப் போக வேண்டுமானால், 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஏறி, ஆபீஸ் பையன் கையில் லோக்கல் பிடிக்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருந்த அச்சகங்களுக்குத் தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இப்படித்தான் போயின. சயானிலும் மாட்டுங்காவிலும் ஃபாஸ்ட் வண்டி நிற்காது. குர்லாவிலோ தாதரிலோ இறங்கி ஸ்லோவுக்கு மாற வேண்டும். ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்பது டிடிபிகாரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பாமினியில் அடித்த பேஜ்மேக்கர் ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். அதற்கு மருந்து மறுபடி அம்பர்நாத் வந்து, எழுத்துருவை எடுத்துக்கொண்டு, திரும்பப் போவதுதான்.

ஃபைல் பெரிதாக இருந்தால் ஆர்ஜ் என்ற டாஸ் நிரலால் அதைச் சுருக்கி, துண்டு துண்டாக வெட்டி, நாலைந்து ஃபிளாப்பிகளில் ஏற்றுவோம். நாலாவது ஃபிளாப்பி படிக்காமல் போனால் மற்ற எல்லாமே வீண். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடந்தது. இந்தப் பக்கத்து ஈரத்துக்கு ஃபிளாப்பித் தட்டில் பூஞ்சை பிடிக்கும், அது டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் ஃபிளாப்பியையும் கெடுக்கும். அதனால் முக்கியமான வேலை என்றால் இரண்டு பிரதி. இரண்டையும் வேறு வேறு பையில் வைத்துக்கொள்வார்கள்.

ரயில் நின்றால் ஃபைலும் நின்றது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மும்பை முழுக்க லோக்கல் நின்றுபோனது. அதற்குள் பென்டிரைவும் சிடியும் வந்துவிட்டன, ஆனால் அவற்றைச் சுமந்தது அதே தண்டவாளம்தான்.

இதெல்லாம் ஊர் விட்டு ஊர் போகும் கதை. ஒரே அறையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபைல் போக அப்போதே நேரான வழி இருந்தது. அதைத்தான் இன்றைக்கு நாம் மறந்துவிட்டோம். 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6இல் இன்டர்லிங்க் என்று ஒரு வசதி உண்டு. பிரின்டர் சொருகும் பேரலல் போர்ட்டிலோ சீரியல் போர்ட்டிலோ ஒரு கேபிளை இரண்டு பக்கமும் மாட்டினால், அந்த கம்ப்யூட்டரின் டிஸ்க் இந்த கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவாகத் தெரியும். லேப்லிங்க் என்ற நிரல் அதற்கும் பத்து வருடம் முன்பே இப்படிக் கேபிள் வழியே ஃபைல்களை மாற்றியது. விண்டோஸ் 95இல் ‘டைரக்ட் கேபிள் கனெக்‌ஷன்’ என்ற பெயரில் அது கூடவே வந்தது. சீரியல் கேபிள் என்றால் அதிகபட்சம் நொடிக்கு 11 கேபி. 40 எம்பி டிஸ்க்கை அப்படியே மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

அந்த கேபிளைக் கடையில் வாங்கியவர்களைவிட, கட்டிக்கொண்டவர்கள் அதிகம். தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறி கிராண்ட் ரோட்டில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்குப் போனால், கனெக்டர், வயர், ஷெல் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கிவந்து வீட்டில் பற்றவைப்பார்கள். பிறகு லேன் கார்டு வந்தது. இரண்டே கம்ப்யூட்டருக்கு ஹப் எதற்கு என்று கிராஸ் கேபிள் கட்டினோம். ஒரு முனையில் 1, 2 பின்களில் வரும் ஜோடி மறுமுனையில் 3, 6க்குப் போக வேண்டும். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் காதில் விழ வேண்டுமல்லவா, அவ்வளவுதான் அதில் உள்ள சூட்சுமம். இப்போதைய கார்டுகள் அதைத் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொள்கின்றன. கிரிம்பிங் பிளையர் வைத்திருந்தவருக்குக் காலனியில் இருந்த மரியாதையும் அதோடு போய்விட்டது.

அம்பர்நாத் பட்டறைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1950களில் அரசு இங்கே ஆயுதத் தொழிற்சாலையையும் மெஷின் டூல் புரோட்டோடைப் ஃபேக்டரியையும் தொடங்கியது. இரண்டாவது இன்று ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ஆலைகளையும் எம்.ஐ.டி.சி.யையும் சுற்றி லேத்தும் மில்லிங்கும் தெரிந்தவர்கள் வாழும் ஊர் இது. மும்பைத் தமிழர்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூரோடு நிற்காமல் கல்யாண் தாண்டி இந்தப் பாதை நெடுகப் பரவியதில் இந்த வேலைகளுக்கும் பங்கு உண்டு. பட்டறைக்கு சிஎன்சி மெஷின் வந்தபோது, கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை மெஷினுக்குள் ஏற்றுவது பெரிய வேலையாக இருந்தது. பழைய ஃபானுக் கன்ட்ரோலில் நினைவகத்தின் அளவை மீட்டரில் சொல்வார்கள். காகித நாடாவில் துளையிட்டு ஏற்றிய நாளின் மிச்சம் அது. 40 மீட்டர் என்றால் ஏறக்குறைய 16 கேபி. ஒரு மோல்டுக்கான புரோகிராம் 1 எம்பி இருந்தால் அதில் எங்கே கொள்ளும்? ஆர்எஸ்-232 கேபிளில் 9600 பாட் வேகத்தில் கம்ப்யூட்டர் வரி வரியாக ஊட்ட, மெஷின் வாங்க வாங்க வெட்டிக்கொண்டே போகும். டிரிப் ஃபீட் என்பார்கள். 1 எம்பி போக 18 நிமிடத்துக்குக் குறையாது. நடுவில் ஒரு எழுத்து பிசகினால் கட்டர் போகக் கூடாத இடத்துக்குப் போகும், விலை உயர்ந்த எஃகுக் கட்டி பாழ். எர்த் சரியில்லாத பட்டறையில் பவர் இருக்கும்போதே கேபிளைச் சொருகினால் போர்ட் எரிந்துவிடும். ஒரு பிட்டுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த ஆபரேட்டர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை என்பேன். இன்றைய மெஷின்களில் லேன் சாக்கெட்டும் யுஎஸ்பியும் வந்துவிட்டன. பழைய மெஷின் ஓடும் இடங்களில் அந்த ஆர்எஸ்-232 கேபிள் இன்னும் தொங்குகிறது.

இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழியாகப் பொதுமக்களுக்கு வந்தது. டயல்-அப்பில் நொடிக்கு 4, 5 கேபி கிடைத்தாலே பெரிது. ஹாட்மெயிலில் மொத்தக் கணக்குக்கே 2 எம்பி. மும்பை, தாணே, நவி மும்பை எல்லாம் எம்.டி.என்.எல். எல்லைக்குள் இருந்தன. அம்பர்நாத் அதற்கு வெளியே, கல்யாண் பி.எஸ்.என்.எல். கணக்கில். இந்த ஊர்க்காரர்களுக்கு பிராட்பேண்டின் விடியல் 2005 ஜனவரியில் வந்த டேட்டாஒன். 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் காசில்லை. அலாரம் வைத்து எழுந்து மோடத்தைப் போட்டவர்கள் ஊரெங்கும் உண்டு. 256 கேபிபிஎஸ் வேகத்தில் அந்த ஆறு மணி நேரத்தில் இறங்கக்கூடியது அதிகபட்சம் 690 எம்பி. ஒரு சிடி கொள்ளும் அளவு. லினக்ஸ் சிடி ஒன்று ஓர் இரவில் இறங்கிவிடும் என்பது எங்களுக்கு அன்று பெருமகிழ்ச்சி. உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஆனால் தபால் வர வாரக்கணக்காகும்.

அந்த இரவுகளில் ஓடியது பெரும்பாலும் டாரன்ட். 2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டாரன்ட், பெரிய ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. நீங்கள் வாங்கிய துண்டை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே உங்களுக்கு வேண்டியதை வேறொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் பணக்கார சர்வர் எதுவும் தேவையில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், கெட்ட துண்டை மட்டும் மறுபடி கேட்கும். ஃபிளாப்பி நான்கில் ஒன்று கெட்டு எல்லாமே வீணான நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பவாய் ஐஐடி விடுதிகளில் இன்டர்நெட்டே தொடாமல், லேனுக்குள்ளேயே டிசி++ என்ற நிரல் வழியாக மாணவர்கள் ஒருவர் டிஸ்க்கிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் போவதற்கான விதிமுறையை, எஃப்.டி.பி.யை, 1971 ஏப்ரலில் முதலில் எழுதிவைத்தவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, எம்ஐடிக்குப் போனவர். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்த நினைவில்லை. இருக்க வேண்டும்.

டாரன்ட்டுக்கு வந்த கெட்ட பெயரையும் சொல்லியாக வேண்டும். படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி இறங்கியது. அதில் உழைத்தவர்கள் வயிற்றில் அடித்தது உண்மை, அதற்கு சமாதானம் இல்லை. ‘3’ உள்ளிட்ட படங்களுக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையை வைத்து 2012 மே மாதம் இன்டர்நெட் நிறுவனங்கள் பைரேட் பே தளத்தோடு விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையும் முழுதாக அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியிருந்தது. திருடியவர்கள் வேறு வழி கண்டுகொண்டார்கள். நஷ்டம் என்னவென்றால், ‘டாரன்ட்’ என்றாலே குற்றம் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்வது என்ற நல்ல யோசனையும் அந்த அழுக்கோடு சேர்த்துத் தூக்கி எறியப்பட்டது.

அதன் பிறகு ஃபோன் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னும் பின்னும் சில வருடம் லோக்கல் பெட்டியில் ஷேர்இட், செண்டர் ஓட்டம். டேட்டா செலவில்லாமல் ஃபோனுக்கு ஃபோன் வைஃபை. கல்யாணில் தொடங்கினால் தாணே வருவதற்குள் முழுப் படம் போய்விடும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் இவை இரண்டும் இருந்தன.

இன்றைக்கு என்ன நடக்கிறது? அம்பர்நாத்தில் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், மகள் எடுத்த போட்டோ அப்பாவின் லேப்டாப்புக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படம் வீட்டை விட்டு வெளியே போய், மெட்டாவின் சர்வரைத் தொட்டு, அடுத்த அறைக்குத் திரும்பி வருகிறது. வரும்போது சுருங்கி வருகிறது. வாட்ஸ்அப்பில் இருப்பதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறார்கள், அதை மறுக்கவில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருக்காமலே 2 ஜிபி வரை போகும் என்பதும் சரி. ஆனால் எத்தனை பேர் அப்படி அனுப்புகிறார்கள்? தமிழ்ச் சங்க விழாவின் படங்கள், ஊரிலிருந்து வந்த பாட்டி பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு ஸ்கேன் எல்லாம் சுருங்கிய பிரதியாக மட்டும் நம் குடும்பங்களில் மிஞ்சிக்கொண்டிருக்கின்றன. மூலம் இருந்த ஃபோன் உடைந்துபோகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தரும் விஷயம். ஃபிளாப்பியில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த ஃபைலாவது ஒரு பிட் மாறாமல் இருந்தது. மின்னஞ்சலிலும் கூகுள் டிரைவிலும் போட்டால் தரம் குறையாது. ஆனால் பான் கார்டும் வீட்டுப் பத்திரமும் நாம் அழிக்கும்வரை யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் கிடக்கும். பெரும்பாலோர் அழிப்பதே இல்லை.

நேர்வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது, முன்னைவிட எளிதாக. ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு லோக்கல்செண்ட் போதும். இலவசம், மூல நிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டு கருவியிலும் திறந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. இன்டர்நெட் அறுந்திருந்தாலும் ஃபைல் போகும், ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் சரி. லேன் கேபிள் போட்டிருந்தால் கிகாபிட் வேகத்தில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகக்கூடும். சீரியல் கேபிளில் ஒரு மணி நேரம் எடுத்த 40 எம்பி டிஸ்க் இன்று அரை நொடி வேலை.

ஊர் விட்டு ஊர் என்றால் கொஞ்சம் சிக்கல். இன்று பல மொபைல், ஃபைபர் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. வீட்டு ரௌட்டரும் அதையே செய்கிறது. பெரிய சொசைட்டி வாசலில் நிற்கும் வாட்ச்மேனைப் போல, உள்ளிருந்து யாராவது முதலில் கூப்பிட்டிருந்தால்தான் அவை வெளியாளை விடும். அம்பர்நாத் கம்ப்யூட்டரும் திருநெல்வேலி கம்ப்யூட்டரும் நேராகப் பேச வேண்டுமானால், இரண்டும் வெளியில் உள்ள ஒரு சர்வரிடம் தங்கள் முகவரியைச் சொல்லி, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிட வேண்டும். அது எப்போதும் கைகூடாது. மேஜிக் வோர்ம்ஹோல், குரோக் போன்ற நிரல்கள் நேர்வழி இல்லாவிட்டாலும் ஃபைலைக் கொண்டுசேர்க்கின்றன. பிரையன் வார்னர் எழுதிய மேஜிக் வோர்ம்ஹோலில், அனுப்புகிறவர் திரையில் ஓர் எண்ணும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் வரும். அதை ஃபோனில் சொன்னால் போதும். எதிர்ப்பக்கம் அதை அடித்ததும் ஃபைல் பூட்டப்பட்டு, முடிந்தால் நேராகப் போகும். சொற்களில் 65,536 சேர்க்கைகள் உண்டு, ஊகிக்க நினைப்பவருக்கு ஒரே வாய்ப்பு. தவறினால் அந்தக் குறியீடு செத்துவிடும். நேர்வழி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு சர்வர் கடத்திவிடும், பூட்டிய பெட்டியாகவே. அங்கே எதுவும் தங்குவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப இது சங்கடம்தான், டிரைவில் போட்டுவிட்டால் அவன் எழுந்ததும் எடுத்துக்கொள்வான். வோர்ம்ஹோலும் குரோக்கும் கட்டளை வரியில் ஓடுபவை, கறுப்புத் திரையைக் கண்டு மிரள்பவர்களுக்கு முதல் தடவை யாராவது பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். பொது இடத்து வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்திருப்பார்கள், அங்கே லோக்கல்செண்ட் வேலை செய்யாது. வீட்டிலும் விண்டோஸில் ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்று தேர்ந்திருந்தால் ஃபயர்வால் தடுக்கக்கூடும். அதை ‘பிரைவேட்’ ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எனிடெஸ்க் போன்றவை உங்கள் திரையையே மற்றவர் கையில் கொடுப்பவை. அவற்றை வைத்து வங்கிப் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. ஃபைல் வாங்கும் நிரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பின் தெரியாதவர் ஃபோனில் சொல்லி எதையும் நிறுவாதீர்கள், எந்தக் குறியீட்டையும் சொல்லாதீர்கள்.

சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் நான் சொல்வது சிங்க்திங். 2013இல் தொடங்கிய திறந்த நிரல். செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பொருளாளர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே கோப்புறையை ஒன்றுபோல் வைத்திருக்கும், மாதச் சந்தா கிடையாது. ஒருவர் வீட்டில் மழைநீர் புகுந்தாலும் இன்னொருவர் வீட்டில் ஆண்டு விழாப் படங்கள் முழு அளவில் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்பதை மறக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஃபோனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லோக்கல்செண்டை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ நிறுவி, வாட்ஸ்அப்பில் பாதி தொலைந்துகொண்டிருக்கும் குடும்பப் படங்களின் மூலத்தை முதலில் மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.